புற்றை எதிர்த்து நின்ற புதுக்கோட்டைப் பெண்மணி



நமது பேரவை ஆண்டு மலரைப் புரட்டினால் எடிசன் வருவார், விசுவேசுவரய்யா வருவார், சர் சி.வி. ராமன் வருவார். இந்த வருசம் நான் ஒரு டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். மெஷினோடும் மீட்டரோடும் மல்லுக்கட்டுகிற நமக்கு டாக்டரம்மா கதை எதுக்கு என்று கடைசி பெஞ்சில் யாராவது முணுமுணுக்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அந்த அம்மா கட்டிய ஆஸ்பத்திரிக்குள்ளே நம்ம படிப்புக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பதைப் படித்து முடிக்கும்போது நீங்களே ஒத்துக்கிடுவீங்க.

அவர்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

பிறப்பும் படிப்பும்

1886-ஆம் ஆண்டு ஜூலை 30. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். அங்கே மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்த நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாகப் பிறந்தார் முத்துலட்சுமி. தந்தையார் பிராமணர். தாயார் இசை வேளாளர் குலம். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் அன்றைக்கு அந்தச் சமுதாயத்தில் இருந்தது. இப்படி ஒரு குடும்பத்தை அந்தக் காலத்து ஊர் சும்மா விடுமா? ஐயரைச் சொந்தக்காரர்களே ஒதுக்கி வைத்தார்கள். அந்த ஒதுக்கலைப் பார்த்துக்கொண்டேதான் முத்துலட்சுமி வளர்ந்தார்.

பெண்பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்ப்பதுதான் அன்றைய வழக்கம். ஆனால் தந்தையார் மகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தார். தனித் தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார் முத்துலட்சுமி. அடுத்து கல்லூரி. அங்கேதான் சிக்கல். மகாராஜா கல்லூரி ஆண்கள் படிக்கிற கல்லூரி. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. கெட்டுப்போகிறவன் பையன், படிப்பு போவது பெண்ணுக்கு! கணக்கு எப்படி இருக்கு பாருங்கள். கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானே அனுமதி கொடுத்தார். 1904-ல் அந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண் ஆனார் முத்துலட்சுமி. மூடு வண்டியில் கல்லூரிக்குப் போய் வந்தார் என்றும், வகுப்பில் மாணவர்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு திரை கட்டியிருந்தார்கள் என்றும் சொல்வார்கள்.

நம்ம பிராஞ்சில் அறுபது பேரில் நாங்கள் ஒன்பது பேர் பெண்கள். திரை ஏதும் கிடையாது. ஆனாலும் நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருசம் எங்க தெருவில் கேட்காத கேள்வி இல்லை. பொம்பளப்பிள்ளைக்கு மெஷின் படிப்பு எதுக்கு, நர்சிங் படிக்க வைக்கக் கூடாதா, இல்லைன்னா அம்மாகூட உட்கார்ந்து பீடி சுத்தினா நாலு காசாவது மிஞ்சுமே என்றெல்லாம் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே நான்தான். அதனால்தானோ என்னவோ, அந்த மூடு வண்டியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அது ரொம்பப் பழைய காலத்துக் கதையாகத் தோன்றவில்லை.

மருத்துவக் கல்லூரியில்

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் பரிசுகளும் பதக்கங்களுமாகப் பட்டம் பெற்று வெளியே வந்தார். அந்தக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் அவர் ஒருவர். எழும்பூரில் உள்ள பெண்கள், குழந்தைகள் அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். அதற்கு அவர் போட்ட நிபந்தனை என்ன தெரியுமா? தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. நகை இல்லை, சீர் இல்லை, நிபந்தனை மட்டும்! சுந்தர ரெட்டி அதை ஏற்றார். ஏற்றது மட்டுமா, கடைசி வரைக்கும் காப்பாற்றினார். இரண்டு ஆண் குழந்தைகள். இளையவர் பெயர் கிருஷ்ணமூர்த்தி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறார்.

தங்கையின் மரணம்

1920களின் தொடக்கத்தில் அவருடைய தங்கைக்கு உடம்பு முடியாமல் போனது. சீதபேதி என்று நினைத்து அதற்கான வைத்தியம் நடந்தது. உண்மையில் அது குடலின் கடைப்பகுதியில் வந்த புற்றுநோய். கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா டாக்டர், அத்தான் டாக்டர். சென்னைப் பட்டணத்தின் பெரிய வைத்தியர்களெல்லாம் தெரிந்தவர்கள். இத்தனை இருந்தும் தங்கை வலியில் துடித்து இறந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

நண்பர்களே, இந்த இடத்தில் ஒன்றை யோசிக்க வேண்டும். டாக்டர் வீட்டிலேயே இந்தக் கதி என்றால், ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத ஏழை வீட்டுப் பெண்ணின் கதி என்ன? முத்துலட்சுமி அம்மையாரின் மனதிலும் இந்தக் கேள்விதான் விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் செய்த காரியங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

அன்றைக்குப் புற்றுநோய்க்கு உலகத்தில் இருந்த ஆயுதங்கள் மூன்றுதான். கத்தி, எக்ஸ்ரே, ரேடியம். எக்ஸ்ரே 1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்தது. ரேடியம் 1898-ல் கியூரி தம்பதியர் கண்டுபிடித்தது. இவை இருக்கிற இடத்துக்கு நோயாளி சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் பிழைக்க வழி உண்டு. போய்ச் சேருவதுதான் நடக்காத காரியமாக இருந்தது. நம்ம பக்கத்தில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் சாமர்வெல் என்ற வெள்ளைக்கார டாக்டர் வாய்ப் புற்றுக்கு ரேடியம் வைத்து வைத்தியம் செய்து வந்தார். எவரெஸ்ட் சிகரம் ஏறப் போன 1922, 1924 குழுக்களில் இருந்தவரும் இவரேதான். புற்றுநோய்க்கென்றே ஒரு பெரிய மருத்துவமனை மட்டும் தென்னாட்டில் இல்லை.

1925-ல் அரசு உதவியோடு மேல்படிப்புக்காக அம்மையார் லண்டன் போனார். அங்கே புற்றுநோய்க்கென்று தனியாக இயங்கிய மருத்துவமனையைப் பார்த்தார். ஒரே கூரையின் கீழ் கத்திக்காரர், கதிர் கொடுப்பவர், திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர், எல்லாரும் சேர்ந்து ஒரு நோயாளிக்கு வழி தேடுகிறார்கள். நம்ம ஊருக்கும் இது வேண்டும் என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டது.

சட்டசபையில் ஒரு பெண்

திரும்பி வந்ததும் ஆஸ்பத்திரி கட்டத் தொடங்கவில்லை. வேறொரு வேலை அவரை இழுத்துக்கொண்டு போனது. சென்னை மாகாணச் சட்ட மேலவைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1927-ல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்கு ஓட்டுரிமையே அரைகுறையாக இருந்த நாளில் ஒரு பெண் சபை நடத்துகிற நாற்காலியில் உட்கார்ந்தார்!

தன் தாயார் பிறந்த குலத்துப் பெண்களை விலங்கு போட்டு வைத்திருந்த பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். பெரிய பெரிய ஆட்கள் எதிர்த்தார்கள். சாஸ்திரம் சொல்கிறது, சம்பிரதாயம் சொல்கிறது, கலை அழிந்துவிடும் என்றெல்லாம் வாதம் நடந்தது. 1929-ல் முதல் படியாக ஒரு சட்டம் வந்தது. முழுத் தடைச் சட்டம் வர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழந்தைத் திருமணத்தை எதிர்த்தும் பாடுபட்டார். 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பித்து வந்த பெண் குழந்தைகள் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். விடுதிகளில் அவர்களைச் சேர்க்க மறுத்தார்கள். சட்டம் போட்டால் போதுமா, சோறும் படிப்பும் யார் கொடுப்பது? தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுதான் ஒளவை இல்லம். இன்றைக்கும் சென்னை அடையாறில் பள்ளிக்கூடமாகவும் விடுதியாகவும் நடந்து வருகிறது.

பதினேழு வருச அலைச்சல்

தங்கையை அவர் மறக்கவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசும்போது புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையை எல்லார் முன்னாலும் வைத்தார். கை தட்டினார்கள். பணம் வரவில்லை.

1941-ல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. தென்னாட்டு நோயாளி பம்பாய்க்குப் போக வேண்டுமானால் ரயில் செலவு யார் கொடுப்பது? போனாலும் பாஷை தெரியாது. அரசாங்கத்திடம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்குத் தனியாக ஓர் ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கொடியவர்கள் இல்லை. படித்தவர்களும் அன்றைக்கு அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடுதான் அம்மையார் போராட வேண்டியிருந்தது.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் பேரில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. பேரன் பேத்தியோடு உட்கார்ந்திருக்க வேண்டிய வயதில் நன்கொடைக்காக வீடு வீடாகப் படியேறினார். மகன் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்று வந்து அம்மாவோடு சேர்ந்துகொண்டார்.

1952 அக்டோபர் 10-ஆம் தேதி பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாறு காந்தி நகரில் மருத்துவமனை திறக்கப்பட்டது. எவ்வளவு பெரிய மருத்துவமனை தெரியுமா? மொத்தம் 12 படுக்கை! 1935-ல் கேட்டது, பதினேழு வருசம் கழித்துக் கல் விழுந்தது, பத்தொன்பது வருசம் கழித்துக் கதவு திறந்தது.

அடுத்த வருசம், 1955-ல், டாக்டர் வி. சாந்தா என்ற இளம் பெண் அங்கே வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் நல்ல வேலை கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்ததைப் பார்த்துப் பலர் தலையில் அடித்துக்கொண்டார்களாம். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் இரவு பகல் பார்க்காமல் உழைத்தார்கள். மூளையாகவும் முதுகெலும்பாகவும் அம்மையார் இருந்தார்.

இனி நம்ம பாடம்

இப்போது கடைசி பெஞ்ச் நண்பர்கள் நிமிர்ந்து உட்காரலாம்.

1950களின் பிற்பகுதியில் கனடா நாட்டிலிருந்து கோபால்ட் 60 கதிர்வீச்சு எந்திரம் ஒன்று அடையாறுக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவுக்கே அது புதிது. உலகத்திலேயே முதன்முதலாகக் கோபால்ட் எந்திரத்தில் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தது கனடாவில் 1951-ல்தான். சில வருசத்துக்குள் அது அடையாறு காந்தி நகருக்கு வந்துவிட்டது என்றால் அம்மையாரின் கண் எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறது!

எந்திரத்தின் தத்துவம் ரொம்ப எளிது. கனமான ஈயக் கவசத்துக்குள்ளே கோபால்ட் 60 மூலம் இருக்கும். அது விடாமல் காமாக் கதிர்களை வீசிக்கொண்டிருக்கும். தேவையான நேரத்துக்கு மட்டும் ஒரு சின்ன வாசல் வழியாகக் கதிர் வெளியே வரும். அது புற்றுச் செல்லின் மரபுப் பொருளை உடைத்து, மேற்கொண்டு பெருக முடியாமல் செய்துவிடும். ஒரே பக்கத்திலிருந்து கொடுத்தால் வழியிலுள்ள நல்ல சதையும் வெந்துபோகும். அதனால் பல கோணங்களிலிருந்து கொடுத்து, எல்லாக் கதிரும் கட்டியில் மட்டும் சந்திக்கும்படி செய்கிறார்கள். கோபால்ட் 60-இன் அரை ஆயுள் சுமார் 5.27 வருசம். அதாவது ஐந்தேகால் வருசத்தில் வீரியம் பாதியாகிவிடும். அதற்கேற்றபடி கதிர் கொடுக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். டைமர் பிசகினால் ஓர் உயிர் பிசகும். எந்திரத்தைச் சுழற்றும் மோட்டார், வாசலைத் திறக்கும் அமைப்பு, கதவு திறந்திருந்தால் கதிரை நிறுத்தும் இன்டர்லாக், அளவு பார்க்கும் மீட்டர், எல்லாம் நம்ம சிலபஸ்தானே! டாக்டர் இல்லாமல் புற்றுநோய் ஆஸ்பத்திரி கிடையாது. டெக்னீஷியன் இல்லாமலும் கிடையாது.

கழுத்துக் கட்டியும் அயோடினும்

இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமே எங்க அத்தைதான். சேரன்மாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்கள் ஊர். அத்தையும் பீடி சுத்துகிறவள்தான். இரண்டு வருசமாகக் கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. எச்சில் முழுங்கும்போது மேலும் கீழும் ஏறி இறங்கும். ஆச்சி அது சூட்டுக்கட்டி என்று சொல்லிப் பத்துப் போட்டாள். யாரோ மந்திரிக்கச் சொன்னார்கள். கடைசியில் எங்க அம்மா சண்டை போட்டு, அத்தையைப் பஸ் ஏற்றிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. உடம்பின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஹார்மோனை அது தயாரிக்கிறது. அதற்கு அயோடின் வேண்டும். அதில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்று கிடையாது. ஸ்கேன் பண்ணிப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசியால் கட்டிக்குள்ளிருந்து கொஞ்சம் செல்லை உறிஞ்சி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அத்தைக்கு அது புற்றுதான் என்று தெரிந்தது. வீட்டில் ஒரே அழுகை. ஆனால் டாக்டர்கள் சொன்னது வேறு. தைராய்டு புற்றுகளில் அதிகம் பேருக்கு வருகிற வகை மெதுவாக வளரக்கூடியது, நேரத்தோடு பார்த்தால் பெரும்பாலானவர்கள் நல்லபடியாக வாழ்கிறார்கள் என்றார்கள். பெண்களுக்குத்தான் இது ஆண்களைவிட அதிகமாக வருகிறதாம்.

ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்தார்கள். பிறகு வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். இதன் சூட்சுமம் அழகானது. உடம்பில் அயோடினை இழுத்துச் சேர்த்து வைக்கிற வேலையைச் செய்வது முக்கியமாகத் தைராய்டு செல்தான். நல்ல அயோடினுக்குப் பதிலாக அயோடின் 131-ஐ வாய்வழியாகக் கொடுத்தால், மிச்சம் மீதி ஒளிந்திருக்கிற தைராய்டு செல்கள் அதைத் தாங்களே இழுத்து விழுங்குகின்றன. விழுங்கியது உள்ளேயிருந்து கதிர் வீசி அவற்றை அழித்துவிடுகிறது. அது வீசும் காமாக் கதிரை வெளியிலிருந்து கேமராவில் படம் பிடித்தால், எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். கண்டுபிடிப்பதும் அதுவே, தீர்ப்பதும் அதுவே!

இந்த வைத்தியம் பிறந்தது அமெரிக்காவில். 1941-ல் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்த ஒரு நோயாளிக்கு முதன்முதலாகக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே தைராய்டு புற்றுக்கும் அது பயன்படத் தொடங்கியது. நம் நாட்டில் 1956-ல் டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. 1963-ல் பம்பாயில் கதிரியக்க மருத்துவ மையம் அமைந்தது. இன்றைக்கு நம் அணுசக்தித் துறையே இந்த அயோடினைத் தயாரித்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது.

மருந்து கொடுப்பதற்கு முன்னால் சில நாள் அயோடின் சேர்த்த உப்பும் கடல் மீனும் கூடாது என்றார்கள். செல்களுக்கு அயோடின் தாகம் எடுக்க வேண்டுமாம். தாமிரபரணி கடலில் சேருகிற பக்கத்தில்தான் தூத்துக்குடி உப்பளங்கள் இருக்கின்றன. கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் நிறைய இருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் ரொம்பச் சொற்பம்தான். தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. அத்தை கருவாடு இல்லாமல் அந்த நாட்களைத் தள்ளியதுதான் பெரிய சாதனை!

மூன்று நாள் தனி அறை. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் ஒருவர் மீட்டரைக் கையில் பிடித்துக் கதிர் அளவு பார்த்தாராம். அந்த மீட்டரைப் பற்றித்தான் நான் அத்தையிடம் அதிகமாகக் கேட்டேன். அயோடின் 131-இன் அரை ஆயுள் 8 நாள். எட்டு எட்டாகப் பாதியானால், எண்பது நாளில் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். லேபில் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகும்போது வரைகிறோமே, அதே வளைகோடு! உடம்பிலிருந்து தானாகவும் வெளியேறிவிடுவதால் இன்னும் சீக்கிரமே குறைந்துவிடும். இன்றைக்கு அத்தை தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுகிறாள். வருசம் தவறாமல் ரத்தம் பரிசோதிக்கிறாள். என்னிடம் பீஸ் கட்டிவிட்டாயா என்று கேட்கிற ஆளும் அவள்தான்.

ஆராய்ச்சி சும்மா நிற்பதில்லை. தென்கொரியாவில் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் கழுத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கிற வழக்கம் பரவியது. 1993-ஐவிட 2011-ல் தைராய்டு புற்று கண்டுபிடிப்பு பதினைந்து மடங்கு ஆனது. ஆனால் அந்த நோயால் இறப்பவர் எண்ணிக்கை குறையவில்லை. ஒன்றும் செய்யாத குட்டிக் கட்டிகளையெல்லாம் தேடிப் பிடித்து அறுத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. அதனால் மிகச் சிறிய கட்டிகளைச் சிலருக்கு அறுக்காமல் கண்காணித்து வருகிற முறையும் வந்திருக்கிறது. எல்லாக் கட்டிக்கும் பயப்படவும் வேண்டாம், வளருகிற கட்டியை அலட்சியப்படுத்தவும் வேண்டாம். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இறுதிக் காலமும் புகழும்

1956-ல் முத்துலட்சுமி அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. கடைசி வரைக்கும் ஒளவை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் இரண்டு பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டார். 1968 ஜூலை 22-ஆம் தேதி, எண்பத்து இரண்டு வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது, சென்னையில் காலமானார்.

அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. 12 படுக்கை பல நூறாக வளர்ந்தது. மண்டலப் புற்றுநோய் மையமாக மத்திய அரசு ஏற்றது. 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் யாருக்கு என்ன புற்று வருகிறது என்று கணக்கெடுக்கும் பதிவேடு அங்கே பராமரிக்கப்படுகிறது. கணக்கு இருந்தால்தானே ஆராய்ச்சி! ஏழைகளில் பெரும்பகுதிப் பேருக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ வைத்தியம் நடக்கிறது. டாக்டர் சாந்தா அம்மையார் 2005-ல் மகசேசே விருது பெற்றார். 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு கொடுக்கும் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி ரெட்டியின் பெயர்தான். எங்க தெருவில் அந்தப் பணம் வாங்காத வீடு குறைவு. அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியாது.

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே! ஒரு பெரிய மனுஷியின் கதையைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டால் மட்டும் போதாது. நம் கையில் ஆகிற காரியம் மூன்று உண்டு.

ஒன்று. நம்ம வீடுகளில் உள்ள பெண்கள் வலி, கட்டி, ரத்தப்போக்கு என்று எதையும் வெளியே சொல்ல மாட்டார்கள். படித்த பிள்ளை நாம்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டும் போக வேண்டும். ஓ.பி. சீட்டு எழுதி, எந்த அறை, எந்த வரிசை என்று பார்த்துச் சொல்வதே அவர்களுக்குப் பெரிய உதவி.

இரண்டு. நம்ம ஜில்லாவில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது பீடிதான். நானும் அந்தச் சோற்றில் வளர்ந்தவள்தான். ஆனால் சுத்துகிற அம்மாவுக்குப் புகையிலைத் தூசியும் குடிக்கிற அப்பாவுக்குப் புகையும் என்ன செய்யும் என்பது இன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த விஷயம். குறைந்தபட்சம் நம்ம ஹாஸ்டலிலும் பஸ் ஸ்டாண்டிலும் அந்தப் பழக்கத்தைத் தொடாமல் இருக்க நம்மால் முடியும்.

மூன்று. டிப்ளமோ முடித்தால் கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஸ்கேன் எந்திரம், கதிர்வீச்சு எந்திரம், லேப் கருவிகள் எல்லாம் ரிப்பேர் பார்க்க ஆள் தேவை. ஓர் எந்திரம் பழுதாகிப் பத்து நாள் நின்றால் எத்தனை அத்தைமார் வரிசையில் காத்துக் கிடப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் அந்த வேலைக்குத்தான் போகப் போகிறேன். துணைக்கு யாராவது வந்தால் சந்தோஷம்.

மூடு வண்டியில் கல்லூரிக்குப் போன ஒரு பெண், பெண்கள் சொல்லத் தயங்கிய ஒரு நோய்க்கு வாசல் திறந்து வைத்தார். அந்த வாசல் வழியாக நமது தாய்மார்கள் உயிரோடு திரும்பி வருகிறார்கள்.

வாழ்க டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் புகழ்! வளர்க அவர் தொடங்கிய பணி!

இரண்டாம் ஆண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை